யாருடைய நாய்?

கிருஷ்ணகிரியிலிருந்து ஊத்தங்கரை, சிங்காரப்பேட்டை வழியாகத் திருவண்ணாமலைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் செங்கம் என்னும் பழம்பதி இருக்கிறது. அதனைச் சூழ்ந்த சிற்றூர்களில், ஆநிரை மீட்கும் பூசலில் மாண்ட வீரர்களுக்கு எடுக்கப்பெற்ற நடுகற்கள் ஏராளம். தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை அவற்றைத் தேடித் திரட்டி 1972ஆம் ஆண்டில் ‘செங்கம் நடுகற்கள்’ என்ற பெயரில் நூலாக வெளியிட்டது. அவற்றுள் எடுத்தனூர்க் கல் தனிச்சிறப்பு உடையது. முதலாம் மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டில், அதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நடப்பட்ட அக்கல்லில், எருமை மந்தைக்காக நடந்த பூசலில் உயிர் நீத்த கருந்தேவக்கத்தி என்னும் வீரனின் உருவம் காணப்படுகிறது. உடன் ஒரு நாயின் உருவமும் காணப்படுகிறது. அந்நாயின் பெயர் கோவிவன் என்றும், அது கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்றும் வட்டெழுத்து வரிகள் கூறுகின்றன. கோட்டை கட்டிக் கொடி பறக்கவிட்ட தலைவர்கள் எத்தனையோ பேரின் பெயர் மண்ணோடு மண்ணாகிப் போயிற்று. எருமை மேய்த்த ஒருவனின் காவல் நாயோ பதினான்கு நூற்றாண்டுகளாகப் பெயரோடு நிற்கிறது.

எல்லைக்கு அப்பால், இன்றைய கர்நாடகத்தின் மாண்டியா மாவட்டத்திலும் இதற்கு இணையான கல் ஒன்று கிடைத்தது. ஆதகூர்க் கல்வெட்டு என்று அறிஞர் அதனைக் குறிப்பர். கி.பி. 949இல் தக்கோலத்தில் நடந்த பெரும்போரில் இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனுக்குத் துணைநின்ற கங்க மன்னன் பூதுகன், சோழ இளவரசன் இராசாதித்தனை வீழ்த்தினான். பூதுகனின் படைவீரன் மணலேரன் அப்போரில் காட்டிய தீரத்துக்குப் பரிசாக என்ன வேண்டும் என்று கேட்கப்பட்டபோது, அவன் பொன்னைக் கேட்கவில்லை. காளி என்னும் வேட்டை நாயைக் கேட்டான். அந்த நாய் ஒரு பெரிய காட்டுப்பன்றியோடு பொருதியது. இரண்டும் மாண்டன. மணலேரன் அதற்குக் கல் நட்டு, அதன் பூசனைக்காக நிலமும் ஒதுக்கினான். அக்கல் இன்று பெங்களூர் அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஓசூரிலிருந்து நாற்பது கிலோமீட்டர் தொலைவு. பார்க்க விரும்புவோர் காலையில் புறப்பட்டு மாலையில் திரும்பிவிடலாம்.

கல்லை வணங்குவதும் அதற்குப் பூசனை வைப்பதும் நமக்கு உடன்பாடானவை அல்ல. வரலாற்றுச் சான்றாகவே இவ்விரு கற்களையும் நோக்குகிறோம். அவ்வாறு நோக்கும்போது ஒன்று தெளிவாகப் புலப்படுகிறது. கோவிவன் கருந்தேவக்கத்தியின் நாய். காளி மணலேரனின் நாய். நாயின் பெயரைச் சொல்லும் கல், அதற்கு உரியவன் இன்னான் என்பதையும் சேர்த்தே சொல்கிறது.

திருமறையை ஓதுவோர்க்கும் இது புதிதன்று. கஹ்ஃபு அத்தியாயத்தில் குகைத் தோழர்களின் வரலாறு வருகிறது. வாசலில் முன்கால்களை நீட்டிப் படுத்திருந்த நாயை இறைவன் அங்கே குறிப்பிடுகிறான். அவர்கள் எத்தனை பேர் என்று மக்கள் வாதிட்டதைச் சொல்லும் இடத்திலும், ஒவ்வொரு கணக்கிலும் நாய் உடன் எண்ணப்படுகிறது. நான்கு இடங்களிலும் வரும் சொல் ‘கல்புஹும்’ என்பதே. ‘அவர்களுடைய நாய்’ என்று பொருள். (தமிழ் எழுத்தில் எழுதும்போது நெஞ்சத்தைக் குறிக்கும் கல்பும் நாயைக் குறிக்கும் கல்பும் ஒன்றுபோலத் தோன்றும். அரபியில் முதலெழுத்தின் பிறப்பிடம் வேறு. இரண்டையும் ஒன்றாக உச்சரிக்கும் மாணவரைத் திருத்துவதிலேயே நம் போன்ற ஆசிரியர்களின் பாதி நாள் கழிந்துவிடுகிறது.) விரிவுரையாளர் சிலர் அந்நாய்க்குக் கித்மீர் என்று பெயரும் தந்தனர். அது ஊர் நாய் என்றோ, யாரோ ஒருவர் விட்டுச் சென்ற நாய் என்றோ எவரும் கூறவில்லை.

இனி நம் வட்டாரத்துக்கு வருவோம். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பகுதிகள் கேழ்வரகு விளையும் மேட்டு நிலங்கள். கதிர் முற்றும் காலத்தில் பன்னர்கட்டாக் காட்டிலிருந்து யானைகள் இறங்கி வரும். பன்றிகள் எக்காலமும் வரும். பரணில் காவல் இருந்த உழவனுக்கும், ஆட்டுக்கிடை போட்ட மேய்ப்பனுக்கும் நாயின்றி இரவு கழியாது. இவ்வட்டாரத்துச் சிற்றூர்களில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் ஒரே தெருவில் ஒலிக்கும். நாயை ஒருவர் நாய் என்பார், இன்னொருவர் குக்கா என்பார், மூன்றாமவர் நாயி என்பார், நான்காமவர் குத்தா என்பார். எம்மொழியில் அழைத்தாலும் அது இன்னார் வீட்டு நாய் என்பது அனைவர்க்கும் தெரியும். ஆட்டைக் கடித்தால் எந்த வீட்டுத் திண்ணையில் போய்க் கேட்பது என்பதும் தெரியும்.

1971இல் தமிழ்நாடு அரசு சிப்காட் நிறுவனத்தைத் தோற்றுவித்தது. எழுபதுகளிலேயே ஓசூரில் தொழில் வளாகம் எழத் தொடங்கிற்று. 1980இல் அசோக் லேலண்ட், டி.வி.எஸ். ஆலைகள் வந்தன, 1987இல் டைட்டன் கடிகாரம் வந்தது. சிறு பட்டறைகள் நூற்றுக்கணக்கில் வளர்ந்தன. கேழ்வரகு நிலங்கள் வீட்டுமனைகளாயின. சிற்றூராக இருந்தது நகராட்சியாகி, 2019இல் மாநகராட்சியும் ஆயிற்று. மூன்று ஷிப்டு வேலைக்குப் பல மாவட்டத்தாரும் பல மாநிலத்தாரும் வந்து வாடகை வீடுகளில் குடியேறினர். அண்டை வீட்டார் யாரென்றே அறியாத வாழ்வு தொடங்கிற்று. நாயும் அந்த வாழ்வில் பங்கு கொண்டது. அதற்கு உரியவன் மட்டும் மறைந்து போனான்.

இன்று ஓசூர்த் தெருவில் திரியும் நாய்கள் அனைத்தும் உரியவர் இல்லாதவை என்று எண்ணுவது தவறு. கழுத்தில் பட்டையோடு திரிபவை உண்டு. பகலெல்லாம் வாசலில் கட்டப்பட்டு, இரவில் காவலுக்கென்று அவிழ்த்துவிடப்படுபவை உண்டு. கட்டடம் எழும்வரை மேஸ்திரியும் காவல்காரரும் சோறிட்டு வளர்த்துவிட்டு, வேலை முடிந்ததும் மனையிலேயே விட்டுச் செல்பவை உண்டு. ஒரு வீட்டில் தண்ணீர், மறு வீட்டில் சோறு, மூன்றாம் வீட்டு வாசலில் உறக்கம் என்று வாழ்பவை மிகப் பல. குரைத்துத் திருடனை விரட்டினால் ‘எங்கள் நாய்’ என்பர். பிள்ளையைக் கடித்துவிட்டால் ‘தெரு நாய்’ என்பர். பயனுக்கு உரிமையும் தீங்குக்குத் துறவும் என்ற இந்த நிலையே இன்றைய சிக்கலின் வேர் என்பது நம் கருத்து.

இதனை நம் சட்ட அறிஞர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஆராய்ந்திருக்கின்றனர். வாய் பேசா விலங்கு தானாக விளைவிக்கும் காயத்துக்கு ஈடு இல்லை என்ற கருத்துடைய நபிமொழி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உண்டு. அதை மட்டும் கேட்டவர், உரியவனுக்குப் பொறுப்பே இல்லை என்று முடிவு கட்டிவிடலாம். சட்ட அறிஞர்கள் அவ்வாறு நிற்கவில்லை. அன்பியா அத்தியாயத்தில் தாவூது நபியும் சுலைமான் நபியும் தீர்ப்பளித்த வழக்கை அவர்கள் எடுத்துக்கொண்டனர். இரவில் ஒரு கூட்டத்தாரின் ஆடுகள் பிறர் விளைநிலத்தில் புகுந்து மேய்ந்த வழக்கு அது. பராஉ இப்னு ஆஸிப் (ரலி) அவர்களின் ஒட்டகம் ஒரு தோட்டத்தில் புகுந்து அழிவு செய்தபோது பெருமானார் (ஸல்) அவர்கள் தந்த தீர்ப்பையும் எடுத்துக்கொண்டனர். தோட்டத்தைப் பகலில் காப்பது தோட்டக்காரரின் கடமை. இரவில் கால்நடை செய்யும் சேதம் கால்நடைக்கு உரியவரைச் சேரும் என்பதே அத்தீர்ப்பு. பகலில் மேய விடுவதும் இரவில் கட்டுவதும் மக்களின் வழக்கமாக இருந்ததால் இவ்வாறு பகுக்கப்பட்டது என்றும், ஓர் ஊரின் வழக்கம் மாறினால் இந்த ஒழுங்கும் மாறும் என்றும் ஷாஃபிஈ அறிஞர்கள் விளக்கினர்.

இந்த விளக்கத்தை ஓசூரோடு பொருத்திப் பாருங்கள். இரவில் தெரு வெறிச்சோடியிருந்த நாளில், காவல் நாயை அவிழ்த்து விட்டவனுக்கு ஒரு சமாதானம் இருந்திருக்கலாம். நள்ளிரவில் ஷிப்டு முடிந்து சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் தொழிலாளர் வீடு திரும்பும் ஊர் இது. விடியலுக்கு முன் பஜ்ருத் தொழுகைக்கு முதியோர் கைத்தடியோடு நடக்கும் ஊர். பகலில் பள்ளிக்கும், மாலையில் மக்தபுக்கும் பிள்ளைகள் கிதாபை அணைத்துக்கொண்டு செல்லும் ஊர். நாயை அவிழ்த்து விடுவதற்கென்று இங்கே ஒரு வேளை மிச்சம் இருக்கிறதா?

ஷாஃபிஈ மதரஸாக்களில் நாம் ஓதும் இமாம் நவவியின் ‘மின்ஹாஜ்’ நூலில் விலங்குகள் செய்யும் சேதம் பற்றி ஒரு பகுதி உண்டு. விலங்கோடு இருப்பவன், அது உயிருக்கும் பொருளுக்கும் விளைக்கும் சேதத்துக்கு இரவும் பகலும் பொறுப்பாளி என்பது அங்கே விதி. பறவையைப் பிடிப்பதும் உணவை உருட்டுவதும் ஒரு பூனையின் வழக்கமென்று அறியப்பட்டிருந்தால், அதற்கு உரியவன் ஈடு தர வேண்டும் என்றும் அதே பகுதி சொல்கிறது. பூனைக்கே அப்படியென்றால் கடித்துப் பழகிய நாய்க்கு என்ன தீர்ப்பு என்று தனியே கேட்க வேண்டியதில்லை.

ஹனஃபி ஃபத்வாத் தொகுப்புகள் இன்னும் நெருங்கி வருகின்றன. வழியில் செல்வோரையெல்லாம் கடிக்கும் நாய் ஒருவனிடம் இருந்தால், அதனைக் கொல்ல ஊராருக்கு உரிமை உண்டு. அது ஒருவரைக் கடித்துவிட்டால், முன்னரே ஊரார் உரியவனிடம் சென்று எச்சரித்திருந்தார்களா என்று பார்க்க வேண்டும். எச்சரித்திருந்தால் ஈடு அவன் மேல் விழும். தெருப்பக்கம் சாய்ந்து நிற்கும் சுவருக்கு இதனை ஒப்பிட்டனர். விழப்போகும் சுவரை இடித்துக்கொள் என்று சொன்ன பின்னும் இடிக்காதவன், அது விழுந்து நேரும் கேட்டுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். நாயையும் சுவரையும் ஒரே தராசில் வைத்த அந்த நுண்ணறிவை எண்ணி எண்ணி வியக்கிறோம்.

ஆயினும் ஒரு குறையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நாய் வாய்வைத்த பாத்திரத்தை எத்தனை முறை கழுவுவது, அதில் ஒரு முறை மண்ணால் கழுவுவதா, ஈர நாய் உரசிய ஆடை தூய்மையா என்ற பாடங்கள் நம் பிள்ளைகள் எல்லோர்க்கும் மனப்பாடம். ஷாஃபிஈ ஒன்று சொல்வதும் ஹனஃபி ஒன்று சொல்வதும் திண்ணைதோறும் பேசப்படும். தூய்மைப் பாடம் கிதாபின் தொடக்கத்தில் இருக்கிறது. பொறுப்புப் பாடம் கடைசியில் இருக்கிறது. ஆண்டு முடிவதற்குள் அதுவரை போய்ச் சேர்பவர் சிலரே.

பெருமானார் (ஸல்) அவர்களின் நெறியில் இரு பக்கமும் உண்டு. மந்தைக்கும் வேட்டைக்கும் விளைநிலத்துக்கும் அன்றி நாய் வளர்ப்பவரின் நன்மையில் நாள்தோறும் ஒரு பங்கு குறையும் என்றார்கள். மதீனாவில் நாய்களைக் கொல்லுமாறு முதலில் பணித்து, பின்னர் அதனை நிறுத்திவிட்டார்கள். கடித்துக் குதறும் நாயை மட்டும் ஹரம் எல்லைக்குள்ளும் கொல்ல அனுமதித்தார்கள். தாகத்தால் ஈர மண்ணை நக்கிய நாய்க்குக் கிணற்றில் இறங்கிக் காலுறையில் நீர் மொண்டு வந்தவனின் பிழை பொறுக்கப்பட்டது என்றும் சொன்னார்கள். வழியில் படுத்திருக்கும் நாயைக் கல்லால் அடிப்பதைச் சுன்னத்துப்போல் எண்ணும் நம் சிறுவர்களுக்கு இக்கடைசிச் செய்தியை யார் சொல்வது? அடிபட்ட நாய் அடுத்து வருபவனைக் கடிக்கும்.

வெறிநோய்க்கு அரபியில் ‘கலப்’ என்று பெயர். கல்பு என்ற சொல்லோடு ஒரே வேரில் பிறந்தது. இப்னு ஸீனா முதலிய மருத்துவ மேதைகள் அதன் குறிகளை விரித்தெழுதினர். நோய் வெளிப்பட்ட பின் காக்கும் மருந்து அன்றும் இல்லை, இன்றும் இல்லை என்றே சொல்லலாம். 1885 ஜூலை 6ஆம் நாள் பாரிஸ் நகரில் லூயி பாஸ்டர், வெறிநாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவனுக்குத் தம் தடுப்பு மருந்தைச் செலுத்தினார். சிறுவன் பிழைத்தான். நம் நாட்டில் 1900இல் சிம்லாவுக்கு அருகே கசௌலியில் பாஸ்டர் நிலையம் திறக்கப்பட்டது. தென்னாட்டில் கடிபட்டவர் அவ்வளவு தொலைவு செல்வதற்குள் காலம் கடந்துவிடும். 1902இல் ஓர் ஆங்கிலப் பெண் அவ்வாறு இறந்ததே, குன்னூரில் ஒரு நிலையம் எழுவதற்குத் தூண்டுதலாயிற்று. அமெரிக்கச் செல்வர் ஹென்றி பிப்ஸ் பொருள் உதவினார். 1907இல் அது திறக்கப்பட்டது. அதற்கு முன் மாண்ட ஏழைகளின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை.

ஆட்டு மூளையிலிருந்து செய்த செம்பிள் மருந்து 1911 முதல் பல தலைமுறைகளுக்கு வழங்கிற்று. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்றால் இன்றும் முதியவர்கள் முகம் சுளிப்பர். 2004ஆம் ஆண்டோடு இந்தியாவில் அது நிறுத்தப்பட்டது. இன்று கையில் போடப்படும் சில ஊசிகளே போதும். அரசு மருத்துவமனைகளில் கட்டணமும் இல்லை. கடிபட்டவுடன் புண்ணைச் சோப்பிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, தாமதியாமல் ஊசிக்குச் செல்ல வேண்டும். மிளகாய்ப்பொடியும் சுண்ணாம்பும் அப்புவது, மந்திரித்துக் கயிறு கட்டிக் காத்திருப்பது ஆகியவை உயிரோடு விளையாடும் செயல்கள். 2024ஆம் ஆண்டில் மட்டும் நாடெங்கும் 37 லட்சத்துக்கு மேற்பட்ட நாய்க்கடிகள் பதிவாயின என்றும், தமிழ்நாட்டில் 4 லட்சத்து 80 ஆயிரத்துக்கு மேல் என்றும் நடுவணரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது.

ஆட்சியாளர்கள் கண்ட எளிய வழி கொன்று குவிப்பதாகவே நெடுங்காலம் இருந்தது. 1832 ஜூன் மாதம் பம்பாயில் கம்பெனி அரசு, கொன்ற நாய்க்கு இத்தனை என்று கூலி வைத்தது. கூலிக்கு ஆசைப்பட்டவர்கள் வீட்டு நாய்களையும் பிடிக்கத் தொடங்க, நாயைத் தம் சமயச் சடங்கில் போற்றும் பார்சிகள் கொதித்தெழுந்தனர். நகரமே கடையடைத்தது. 1910இல் இஸ்தான்பூல் நகர நிருவாகம், மஹல்லாதோறும் மக்கள் சோறிட்டு வந்த பல்லாயிரம் நாய்களைப் பிடித்து, மர்மராக் கடலில் நீரற்ற பாறைத் தீவொன்றில் விட்டது. அவை பசியாலும் தாகத்தாலும் மாண்டன. சென்னை மாநகராட்சி நாள் ஒன்றுக்கு 135 நாய்கள் வரை கொன்றதாகப் புளூ கிராஸ் அமைப்பு கணக்குக் கூறுகிறது. 1996இல் அதனைக் கைவிட்டுக் கருத்தடைத் திட்டத்துக்கு மாறியது. இத்தனை கொலைக்குப் பின்னும் நாய்கள் குறைந்தபாடில்லை. உரியவனை விட்டுவிட்டு நாயை மட்டும் பிடித்தால் வேறென்ன நடக்கும்?

உரியவனைக் கேட்கும் சட்டம் இல்லாமல் இல்லை. 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 289ஆம் பிரிவு, தன் வசமுள்ள விலங்கால் பிறர்க்கு ஆபத்து நேராமல் காக்கத் தவறியவனுக்கு ஆறு மாதச் சிறை, ஆயிரம் ரூபாய் அபராதம் வரை விதித்தது. 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவாயிற்று. அபராதம் ஐயாயிரம் வரை உயர்ந்தது. ஏட்டில் கிடந்த இச்சட்டம் மக்கள் நினைவுக்கு வந்தது 2024 மே மாதத்தில்தான். சென்னை நுங்கம்பாக்கத்தில் மாநகராட்சிப் பூங்காவின் காவலாளியுடைய ஐந்து வயது மகளை, கட்டின்றி விடப்பட்ட இரண்டு ராட்வைலர் நாய்கள் குதறின. உரிமையாளர் கைது செய்யப்பட்டார். 2025 ஆகஸ்டில் ஜாபர்கான்பேட்டையில் பிட்புல் நாய் கடித்து ஒருவர் இறந்தார். வளர்ப்பு நாய்க்கு உரிமமும், உடலில் பொருத்தும் சிறு சில்லும், வெளியே கொண்டுவரும்போது சங்கிலியும் வாய்மூடியும் வேண்டும் என்று சென்னை மாநகராட்சி வற்புறுத்தத் தொடங்கியது. சில்லு என்பது வேறொன்றுமில்லை. எடுத்தனூர்க் கல்லில் வெட்டியிருந்த செய்தியை அரிசிமணி அளவில் தோலுக்கடியில் வைப்பது.

நடுவணரசு 2024 மார்ச்சில் 23 வகை நாய்களுக்குத் தடை கோரிச் சுற்றறிக்கை விட்டது. அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் அதனை ரத்து செய்தது. பெங்களூர் நாய்ச் சந்தைக்கு இவ்வளவு அருகில் இருக்கும் நமக்கு இதன் பொருள் எளிது. இனத்தைப் பார்த்து ஆபத்தை அளக்க முடியாது. நாட்டு நாயும் அவிழ்த்துவிட்டால் கடிக்கும். உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்டில், கருத்தடையும் தடுப்பூசியும் செய்த தெரு நாய்களைப் பிடித்த இடத்திலேயே விடலாம், வெறிநோய் உள்ளவையும் மூர்க்கமானவையும் நீங்கலாக என்றும், உணவிடுவதற்கு இடம் ஒதுக்க வேண்டும் என்றும் ஆணையிட்டது. நவம்பரில் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், இரயில் நிலையம் போன்ற இடங்களிலிருந்து அவற்றை அகற்றுமாறும் பணித்தது.

ஆணைகளை நிறைவேற்றுவது அரசின் பாடு. நம் கையில் உள்ளதையும் பார்க்க வேண்டும். இறைச்சிக் கடைகள் பலவற்றை நடத்துவோர் நம்மவர். இரவில் கடையடைக்கும்போது எலும்பையும் குடலையும் சாக்கில் கட்டித் தெருமுனையில் எறிந்தால், அங்கே கூடும் நாய்க் கூட்டத்துக்கு உணவிட்டவர் யார்? குர்பானி நாட்களில் தோலும் கழிவும் காலி மனைகளில் கிடப்பதை ஆண்டுதோறும் காண்கிறோம். அந்த மூன்று நாட்களில் பழகிய கூட்டம் அதே இடத்தில் கிடந்து, மக்தபுக்குச் செல்லும் பிள்ளையின் கையில் உள்ள பொட்டலத்தைப் பறிக்கப் பாய்கிறது. உரியவர் இல்லாத நாய் என்று அதனை அழைக்க நமக்கு நாவெழவில்லை.

ஓசூர், கிருஷ்ணகிரி ஜமாஅத்துகள் நிக்காஹ் பதிவேடு வைத்திருக்கின்றன. சந்தாப் பதிவேடு வைத்திருக்கின்றன. மஹல்லாவில் நாய் வளர்க்கும் வீடுகள், எம்மதத்தார் ஆயினும், அண்டை அயலாரோடு கலந்து பேசி ஒரு தாளில் எழுதப்படலாம்: வீட்டு எண், நாயின் அடையாளம், தடுப்பூசி போட்ட நாள். கடித்துப் பழகிய நாய் ஒன்று இருந்தால், சட்ட நூல்கள் சொன்ன எச்சரிக்கையை உரியவரிடம் இரு சாட்சிகளோடு நேரில் கொடுத்து, தேதியிட்டு, ஒரு படியை மாநகராட்சிக்கும் அனுப்பலாம். அதனைத் தமிழில் மட்டும் எழுதினால் இவ்வூரில் போதாது. தெலுங்கிலும் கன்னடத்திலும் உருதுவிலும், புதிதாக வந்திருக்கும் வடநாட்டுத் தொழிலாளருக்காக இந்தியிலும் எழுதத் தெரிந்த இளைஞர்கள் ஒவ்வொரு மஹல்லாவிலும் இருக்கின்றனர்.